பாதி கிளச்

ஐம்பது கேள்வி. நாற்பத்திரண்டு சரியானால் பாஸ்.
நான் நாற்பத்து மூன்று.
அதற்கு முன் கண்ணுக்கு ஒரு சோதனை:
வண்ணப் புள்ளிகளுக்குள் பதுங்கியிருந்த
எழுபத்து நான்கைக் கண்டுபிடித்துச் சொன்னேன்.
வகுப்பு முழுக்கக் குறட்டை விட்ட
பின்வரிசைப் பையனும் பாஸ்.

எல் லைசென்ஸ் கைப்பேசியில் வந்து விழுந்த அன்று
ருபேந்திரன் பிடுங்கிப் பார்த்தான்.
படத்தைப் பெரிதாக்கி,
‘கோழி திருடி மாட்டிக்கிட்டவ மாதிரி இருக்கே’ என்றான்.
பிறகு என் ஐசி எண்ணை
மெதுவாக, ஒவ்வொரு இலக்கமாக வாசித்தான்.
மொத்தம் பன்னிரண்டு.

அவனுக்கு அது இல்லை.
பிறந்த பத்திரத்தில் ஒரு கட்டம் காலி,
அதனால் மற்ற எல்லாக் கட்டமும் காலி.
பதிவு இலாகாவிலிருந்து வந்த கடிதம்
‘பரிசீலனையில்’ என்கிறது,
நான்கு வருடமாக.

ஆனால் பன்னிரண்டு வயதில் டிராக்டர் ஓட்டியவன் அவன்.
செம்பனைக் குலை நிரம்பிய இழுவண்டியைப்
பின்னோக்கித் தள்ளி
கால்வாய்க்கும் மரத்துக்கும் நடுவே
ஒரே மூச்சில் நிறுத்துவான்.
மண்டோர் கூட வேலையை விட்டுப் பார்ப்பார்.
தோட்டத்து கேட் வரைதான் எல்லாம்.
அங்கே தார் தொடங்குகிறது,
அவன் இறங்கிக்கொள்கிறான்.

பயிற்சிப் பள்ளியில் எனக்கு ஆ கியோங்.
மூன்று மொழியில் திட்டுவார்,
தமிழ்த் திட்டுதான் உச்சரிப்புச் சுத்தம்.
பக்கவாட்டு பார்க்கிங் வந்தது,
மூன்று திருப்பத்தில் திரும்பவும் வந்தது.
மேடு வரவில்லை.

சோதனை நாளில்
மஞ்சள் கோட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் எடுத்தேன்.
வண்டி யோசித்தது.
பின்னால் போவதென்று முடிவெடுத்தது.
‘ககால்’ என்றார் அதிகாரி.
தோல்விக்கு மலாயில் அப்படி ஒரு சொல்,
காக்கை கரைவதுபோல.

ருபேந்திரன் ஒரு வாரம் சிரித்தான்.
எட்டாம் நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு,
அம்மாவின் பழைய கஞ்சிலை
ஆலைக்குப் போகும் ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னான்.
பின்சக்கரத்தை ஒட்டி ஒரு தீப்பெட்டி வைத்தான்.
‘நசுக்காம ஏறு.’
காற்றில் வெந்த பழத்தின் எண்ணெய் நாற்றம்.
‘காலைப் பார்க்காதே. சத்தத்தைக் கேளு.
இஞ்சின் குரல் கம்மும், மூக்கு லேசா தூக்கும்,
அதுதான் பாதி கிளச்.
போகவும் இல்லை, நிக்கவும் இல்லை.
அங்கேயே கொஞ்ச நேரம் இருக்கப் பழகு.’

பதினோரு தீப்பெட்டி நசுங்கியது.
பன்னிரண்டாவதை அம்மா
சாமி விளக்குக்கு எடுத்துக்கொண்டாள்.

இப்போது பின்கண்ணாடியில் பி ஒட்டியிருக்கிறது.
ஒட்டியவன் அவன்தான், சற்றுக் கோணலாக.
கேட் வந்ததும் பழக்கத்தில் கதவைத் திறந்தான்.
‘உட்காருடா’ என்றேன்.

சிலிம் ரிவர் வரை ஒன்றும் பேசவில்லை.
ரொட்டி சானாய் கடையைத் தாண்டும்போது மட்டும்
‘கியரை மாத்து, அழுவுது’ என்றான்.
போலீஸ் தடுப்பில் டார்ச் வெளிச்சம்
என் முகத்தில் நின்றது, லைசென்ஸில் நின்றது,
அவன் பக்கம் திரும்பி
ஒரு வினாடி யோசித்தது.
‘ஜாலான்’ என்றது குரல். போ.

மேட்டுச் சிக்னலில் சிவப்பு.
எனக்குப் பின்னால் மர லோரி, ஒட்டி.
ஓரக்கண்ணால் பார்த்தேன்:
இடப்பக்க இருக்கையில்
அவன் இடது கால்
இல்லாத மிதியை
பாதி வரை அழுத்திப் பிடித்திருந்தது.
கை ஹேண்ட் பிரேக்கைத் தேடி வந்து
என் கைமேல் பட்டு
திரும்பிப் போனது.

பச்சை.
இஞ்சின் குரல் கம்மியது.
நாங்கள் இருவரும் கேட்டோம்.